முப்பத்தாறே கால்

தை முகூர்த்தத்துக்கு
பன்னிரண்டு ரவிக்கை பாக்கி வைத்திருப்பவளிடம்
நாளைக்கு மிஷின் ஓட்டக்கூடாது என்றால்
யாருக்குத்தான் கோபம் வராது.

சொன்னவள் நாத்தனார் பிலோமி.
அயர்லாந்தில் முதியோர் இல்லம், இரவு டூட்டி, ஏழு வருஷம்.
மூன்று வார லீவில் வந்தவள்
சாக்லேட் பங்கிட்ட கையோடு
ராயபுரத்திலிருந்து ரெட்டேரிக்கு ஆட்டோ பிடித்தாள்,
கோரை பிடுங்க.
கத்தி படக்கூடாதாம்.
விரலிடுக்கெல்லாம் கீறிக்கொண்டு
சேறு சொட்டச் சொட்ட ஒரு கட்டோடு வந்தாள்.
சீட்டு அழுக்கானதற்கு
ஆட்டோக்காரர் முப்பது ரூபாய் கூட வாங்கினாராம்.

“நாளைக்குப் பிரிஜித்தம்மாள் திருநாள், அண்ணி.
அன்னிக்குச் சக்கரம் எதுவும் சுத்தக்கூடாது.”

எங்கள் தெருவில் கடலுக்கு ராயப்பர்,
தொலைந்த சாவிக்கு அந்தோணியார்.
இந்த அம்மாள் எதற்கு என்றேன்.
“மாட்டுக்கு, பாலுக்கு, அடுப்பு நெருப்புக்கு…”
கொஞ்ச நேரம் கழித்து,
“தலைவலிக்கும்.”

தரையில் உட்கார்ந்து
ஒரு தண்டை நிமிர்த்திப் பிடித்து
இன்னொன்றை இரண்டாய் மடித்து அதன்மேல் கோத்து
கால்வட்டம் திருப்பி, மடித்து, திருப்பி,
நடுவில் சதுரமொன்று தானாக வளர்ந்ததுபோல் வளர்ந்தது.
நாலு கை. நுனி கட்ட
என் டப்பாவிலிருந்து காஜா நூல், மாம்பழ மஞ்சள்.
அங்கே நாற்பத்திரண்டு அறைக்கும் நாற்பத்திரண்டு கட்டுவாளாம்.
அடுத்த பிப்ரவரிக்குள்
சில கதவில் பெயர் மாறிவிடுமாம்.

நிலைக்கு மேலே
போன வருஷத்துக் குருத்தோலைச் சிலுவைக்குப் பக்கத்தில் மாட்டினாள்.
கல்யாண வீட்டில் சந்தித்த தூரத்து உறவு மாதிரி
இரண்டும் கொஞ்சம் தள்ளியே நின்றன.

இருட்டியதும் ஒரு துண்டுத் துணி கேட்டாள்.
லைனிங் மீதி, நீலம்,
முப்பத்தாறு அங்குலம் நானே அளந்து வெட்டியது.
மொட்டைமாடிக் கொடியில் கிளிப் போட்டாள்.
ராத்திரி அந்த அம்மாள் இந்த வழியாகப் போகும்போது
தொட்டுவிட்டுப் போனால்
விடியும்போது துணி நீண்டிருக்குமாம்.
“பருத்தி நனைஞ்சா சுருங்கும், பிலோமி.”
சிரித்தாள், பதில் சொல்லவில்லை.

அன்றைக்கெல்லாம் சக்கரமே கண்ணில் பட்டது.
மிஷின்மேல் பெட்ஷீட்.
மிக்ஸியும் சுற்றுவதுதானே, அதனால் சட்னி கிடையாது.
ஃபேன்? என்று கேட்டேன்.
வெகுநேரம் யோசித்து,
“அங்க ஃபேனே இல்ல, அதனால சட்டமும் இல்ல” என்றாள்.
அங்கே அன்றைக்குத்தான் வசந்தம் பிறக்குமாம்.
நான் ரெண்டிலிருந்து மூணுக்குத் திருப்பினேன்.
வெளியே மீன் வண்டி, தண்ணி லாரி,
துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வரிசை.
அவர்களுக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை.

கையால் ஹெம்மிங் அடித்தேன். கொக்கி வைத்தேன்.
எட்டு ரவிக்கை ஓரளவு ஒப்பேறின.
பன்னிரண்டு மணி அடித்ததும்
பெட்ஷீட்டை உருவினேன்.

விடியற்காலையில் நடந்ததை இன்னும் சொல்லவில்லை.

அவள் எழும் முன் மாடிக்குப் போனேன்.
பனியில் துணி கனத்திருந்தது,
ஓரத்தில் காக்காய் எச்சம்.
டேப் வைத்தேன்:
முப்பத்தைந்தே முக்கால்.
படியில் செருப்புச் சத்தம்.
“எவ்வளவு, அண்ணி?”

இருபத்தாறு வருஷத்தில் எந்த ரவிக்கையையும்
உடம்பளவுக்கு நான் வெட்டியதில்லை.
கேட்காமலே பக்கத்துக்கு ஓர் அங்குலம்
உள்ளே மடித்துவிட்டுத்தான் தைப்பேன்.
என்றைக்காவது பிரித்துக்கொள்ளட்டும்.

டேப்பின் முதல் அரை அங்குலத்தைக்
கட்டைவிரலுக்கடியில் மடித்துப் பிடித்து
முப்பத்தாறே கால் என்றேன்.

காய்ச்சலைப் புள்ளிவரை படிக்கிறவள்
டேப்பைப் பார்க்கவில்லை,
என் கட்டைவிரலைப் பார்த்தாள்.
துணியை நாலாய் மடித்தாள்.

எச்சத்தை அலசித் தரவா என்றேன்.
“வேணாம்,
அதுவும் ராத்திரி இந்த வழியா வந்ததுதானே.”